மதத்தின் எல்லையை வரைவது யார்? சமயச் சமூகவியலின் புதிய ஆய்வுகளும் 1950 ஆணையும்

அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டு 75 ஆண்டுகள் நிறைவடைந்த நாள் 2024 நவம்பர் 26. அதே நாளில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரியவர். அவருடைய தந்தை வள்ளுவர் சாதியைச் சேர்ந்தவர். தாய் கிறித்தவப் பின்னணி கொண்டவர். தாம் இந்து மதத்தையே பின்பற்றுவதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. குழந்தைப் பருவத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றதையும், தொடர்ந்து தேவாலயத்திற்குச் செல்வதையும் அது சுட்டிக்காட்டியது. உண்மையான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டிற்காக மட்டும் இந்து எனக் கூறுவது அரசமைப்புச் சட்டத்தின் மீது நிகழ்த்தப்படும் மோசடி என்றும் அது குறிப்பிட்டது.

இத்தீர்ப்பில் எவையெல்லாம் ஆராயப்பட்டன என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவு ஆராயப்பட்டது. தேவாலய வருகை ஆராயப்பட்டது. மீண்டும் இந்துவானதற்குச் சடங்கோ பொது அறிவிப்போ நடந்ததா என்பதும் ஆராயப்பட்டது. அந்தப் பெண்ணின் வாழ்வில் சாதி என்ன செய்தது என்ற கேள்வி மட்டும் எழவே இல்லை. நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி அக்கேள்வி எழ வேண்டிய தேவையும் இல்லை. நம்முடைய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கடந்த முப்பதாண்டுகளில் சமயச் சமூகவியல் என்னும் ஆய்வுத் துறை அடைந்திருக்கும் மாற்றங்கள் இந்தச் சிக்கலோடு நேரடித் தொடர்புடையவை. பல்கலைக்கழக வகுப்பறைகளோடு நின்றுவிடும் செய்தியாக அவற்றைக் கருத இயலாது. அந்த ஆய்வுகள் எதைக் கண்டறிந்தன, சட்டம் எங்கே நின்றுவிட்டது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துக்கொள்ள முயல்கிறோம்.

மாறிய கேள்வி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்துறையின் மையக் கேள்வி ஒன்றுதான்: நவீனமாகும் சமூகத்தில் மதம் தேயுமா? 1967-இல் பீட்டர் பெர்கர் எழுதிய நூல் இந்த விவாதத்தின் முக்கிய ஆவணமாக விளங்கியது. முப்பதாண்டுகள் கழித்து, 1999-இல் தாம் தொகுத்த நூலில், உலகம் மதத்திலிருந்து விலகவில்லை என்று பெர்கரே ஒப்புக்கொண்டு தம் நிலையை மாற்றிக்கொண்டார்.

அதைவிட ஆழமான மாற்றத்தைத் தூண்டியவர் மானிடவியலாளர் தலால் அசத். 1993-இல் வெளிவந்த தம் நூலில், எல்லாக் காலத்திற்கும் எல்லா நாட்டிற்கும் பொருந்தும் ‘மதம்’ என்ற ஒன்று இருப்பதாக நாம் கொள்வதே ஒரு வரலாற்று விளைவு என்று அவர் வாதிட்டார். எது மதம், எது மதமல்ல என்று பிரிக்கும் செயலில் அதிகாரம் பொதிந்திருக்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒருபுறம் இந்தப் போக்கு வளர்ந்தது. மறுபுறம், வேதநூல்களையும் தலைமைப்பீடங்களையும் விட்டு, எளிய மக்கள் அன்றாடத்தில் வாழும் சமயத்தை ஆராயும் போக்கு வளர்ந்தது. ராபர்ட் ஓர்சி, மெரிடித் மக்குவையர் போன்றோரின் ஆய்வுகள் இவ்வகையின.

இந்தியாவில் இந்த மாற்றம் சாதி பற்றிய ஆய்வையே புரட்டிப் போட்டது. 1966-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த லூயி துய்மோனின் புகழ்பெற்ற நூல், தூய்மை–தீட்டு என்னும் சமயக் கருத்தே சாதியின் அடித்தளம் என்றது. நிலம், கூலி, வன்முறை ஆகியவை அதில் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டன. இந்தக் கோணத்தில் சாதி இந்து மதத்தின் உள்விவகாரமாகிவிடுகிறது. மதம் மாறினால் சாதி மறைய வேண்டும். மறையாவிடில் அது வெறும் எச்சம். புதிய ஆய்வுகள் இந்த அடித்தளத்தையே அசைத்திருக்கின்றன. அவற்றுள் தமிழ் நிலத்தைக் களமாகக் கொண்ட இரண்டு ஆய்வுகள் நமக்கு முதன்மையானவை.

ஒரே கோடு, இரண்டு திசைகள்

டேவிட் மோஸ் 1980-களின் தொடக்கத்தில் இராமநாதபுரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். பிறகும் பலமுறை அங்குச் சென்றார். 2012-இல் வெளிவந்த அவருடைய நூல் அங்குள்ள கத்தோலிக்க வாழ்வின் நீண்ட வரலாற்றைப் பேசுகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி முதலியவை சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்று வாதிட்டார். 1623-இல் ரோமாபுரியின் இசைவும் கிடைத்தது. சாதி ‘சமூக வழக்கம்’ என்னும் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. ஆகவே கிறித்தவராகிய பிறகும் அதனை வைத்துக்கொள்ளத் தடையில்லை. உயர்த்தப்பட்ட சாதியினருக்கு ஒருவகைக் குருக்கள், தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமிகள் எனப் பணியாளர்களே பிரிக்கப்பட்டனர். சந்தியாகப்பர் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, ஊழியம் யாருக்கு என்னும் முறைமை வழியாகத் திருச்சபைக்குள் சாதி நிலைபெற்றதை மோஸ் விரிவாகக் காட்டுகிறார். அந்த முறைமையைத் தலித்துகள் எதிர்த்து நின்ற கதையும் அதே நூலில் உண்டு.

ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. கத்தோலிக்கத் துறவியர் நடந்த வழிக்கு நேர்மாறான வழியைச் சீர்திருத்தச் சபையினர் மேற்கொண்டனர். 1850-இல் சென்னையில் கூடிய மறைப்பணியாளர் மாநாடு, சாதி இந்து மதத்தின் பகுதியே என்றும், அதனைக் கைவிடாதவருக்குத் திருமுழுக்கு இல்லை என்றும் முடிவு செய்தது. கேட்பதற்கு இது முற்போக்கானதாகவே தோன்றுகிறது. அதன் மறுபக்கத்தை ரூபா விஸ்வநாத் வெளிக்கொணர்கிறார். சேரி மக்களின் நிலைமை அடிமை உழைப்பின் நிலைமை. பண்ணையாளாகக் கட்டுண்டு, குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்று வாழ்ந்த மக்களின் சிக்கல் அது. சாதி மத விவகாரமாக வரையறுக்கப்பட்டபோது, நிலமும் கூலியும் பார்வையிலிருந்து விலகின. 1858-ஆம் ஆண்டு அரசியின் பிரகடனம் மத விவகாரங்களில் தலையிடுவதில்லை என உறுதியளித்திருந்தது. அரசு தலையிடாமல் இருப்பதற்கும், நில உடைமையாளர் தம் அதிகாரத்தைக் காத்துக்கொள்வதற்கும் அந்த வரையறை வசதியாக அமைந்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் அதையடுத்து வந்த பஞ்சமி நில ஒதுக்கீடும், இந்தச் சிக்கலின் வேர் நிலத்தில் இருந்ததை அரசின் ஆவணங்களிலேயே பதிவு செய்தன.

இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. சாதி ‘சமூக வழக்கம்’ என்று சொல்லப்பட்டபோது, தேவாலயத்திற்குள் தலித்துகளின் சமத்துவம் மறுக்கப்பட்டது. சாதி ‘மதம்’ என்று சொல்லப்பட்டபோது, அரசிடம் நீதி கேட்கும் வழி அடைபட்டது. கோடு இடம் மாறிக்கொண்டே இருந்தது. கோட்டிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மட்டும் மாறவில்லை.

மூன்றாவது கோடு

1950 ஆகஸ்டு 10 அன்று பிறப்பிக்கப்பட்ட பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்த வரிசையில் வரையப்பட்ட மூன்றாவது கோடு. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார்கள் என்றது அது. சீக்கியருள் சில சாதியினருக்கு மட்டும் அப்போதே விலக்கு அளிக்கப்பட்டது. 1956-இல் சீக்கியத் தலித்துகள் அனைவரும் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டனர்.

இந்தக் கடைசி ஆண்டை நாம் மறக்கலாகாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கருடன் பௌத்தம் தழுவிய மக்கள், அந்த விடுதலைக்கு விலையாகப் பட்டியல் சாதி உரிமையை இழந்தனர். மைய அரசின் பட்டியலில் மீண்டும் இடம்பெற 34 ஆண்டுகள் ஆயின. பௌத்தம் சாதியை ஏற்கவில்லை, சீக்கியமும் ஏற்கவில்லை. கோட்பாட்டில் சாதி இல்லை என்பதே ஒருவரை விலக்கக் காரணமாகுமானால், இவ்விரு சேர்க்கைகளுக்கும் இடமே இருந்திருக்காது. சமூகம் அவர்களைத் தொடர்ந்து தலித்துகளாகவே நடத்தியது என்பதை ஏற்றுத்தான் சட்டம் திருத்தப்பட்டது. கிறித்தவமும் இஸ்லாமும் வரும்போது மட்டும் அளவுகோல் மீண்டும் கோட்பாட்டிற்குத் திரும்பிவிடுகிறது.

1985-இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே அளவு கொடிய பின்தங்கிய நிலை நீடிப்பதற்குச் சான்றுகள் முன்வைக்கப்படவில்லை என்றது. சான்று கேட்கப்பட்டது, சான்றும் வந்தது. தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்திற்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2008-இல் அளித்த அறிக்கை, தலித் முஸ்லிம்கள், தலித் கிறித்தவர்கள் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளையும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளையும் ஒருசேரப் பரிசீலித்தது. இவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுப்பதற்கு வலுவான சமூகவியல் காரணம் ஏதுமில்லை என்ற முடிவுக்கு அது வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து முற்றாகப் பிரிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. 2022-இல் மைய அரசு அப்பரிந்துரையை ஏற்கவியலாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையத்தை அமைத்தது. இரண்டு ஆண்டுகள் என வகுக்கப்பட்ட அதன் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

இந்தக் காலநீட்டிப்புகளின் விலையை மக்கள் அன்றாடம் கொடுக்கிறார்கள். பட்டியல் சாதித் தகுதி என்பது கல்வி, வேலை இட ஒதுக்கீட்டோடு முடிவதில்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதனோடு பிணைந்துள்ளது. 2025 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், கிறித்தவராக மாறிப் போதகராகப் பணியாற்றியவர் அச்சட்டத்தின் கீழ் முறையிட இயலாது எனத் தீர்ப்பளித்தது. சாதிப் பெயர் சொல்லி வசைபாடுகிறவன் எதிரில் நிற்பவரின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்பதில்லை, சட்டம் கேட்கிறது.

நம்பிக்கையைச் சோதிக்கும் அதிகாரம்

தலித்துகள் மதம் மாறும்போதெல்லாம் எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு: இது உண்மையான நம்பிக்கையா, ஆதாயத்திற்கா? உயர்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர் ஆசிரமம் மாறினாலோ குரு மாறினாலோ எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. 2002-இல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்டு 2004-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தை நினைவுகூர்வோம். மதம் மாற்றப்படுபவர் சிறாராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை கூடுதல் என்றது அச்சட்டம். இன்று வேறு பல மாநிலங்களில் உள்ள சட்டங்களிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். தலித்துகளையும் பெண்களையும் சிறாரோடு ஒரே வரிசையில் நிறுத்தி, தாமாகச் சிந்தித்து முடிவெடுக்க இயலாதவர்கள் எனச் சட்டமே அறிவிக்கிறது.

இந்தச் சூழலில்தான் நத்தானியேல் ராபர்ட்ஸ் 2016-இல் வெளியிட்ட நூல் முக்கியத்துவம் பெறுகிறது. வடசென்னைக் குடிசைப்பகுதி ஒன்றில் தங்கி, பெந்தெகோஸ்தே சபைகளில் இணைந்த தலித் பெண்களின் வாழ்வை அவர் ஆராய்ந்தார். ஒரே வீட்டில் மனைவி சபைக்குச் செல்வதும் கணவர் செல்லாதிருப்பதும் அங்கு இயல்பாக இருந்தன. மதமாற்றத்தால் சமூகம் பிளவுபடும் என்று பொதுவெளியில் ஓயாமல் எழுப்பப்படும் அச்சத்தை அந்தக் குடியிருப்பில் அவரால் காண இயலவில்லை. கடன், நோய், வீட்டு வன்முறை ஆகியவற்றுக்கு நடுவே தம் துன்பத்தைப் பொருட்படுத்தும் கடவுளையும் தம்மைத் தாங்கும் தோழமையையும் அப்பெண்கள் தேடினர். இந்தத் தேடலில் ‘ஆன்மிகம்’, ‘ஆதாயம்’ என்று இரண்டாகப் பிளக்க எதுவும் இல்லை. பசித்தவருடைய வேண்டுதலில் சோறு இடம்பெறுவது வேண்டுதலின் குறை ஆகாது. அந்தப் பிளவு, வயிறு நிறைந்தவர்களின் இறையியல்.

பெரும்பான்மை உருவான விதம்

மற்றொரு கேள்வி, தலித்துகள் எப்போது ‘இந்துக்கள்’ ஆனார்கள் என்பது. 1910-இல் குடிமதிப்பு ஆணையர் கெய்ட், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாதோர், பிராமணப் புரோகிதர் பணி செய்ய மறுப்போர் ஆகியோரைத் தனித்துக் குறிக்கலாமா என்று கேட்டுச் சுற்றறிக்கை விடுத்தார். தீண்டப்படாதோர் தனித்து எண்ணப்பட்டால் எண்ணிக்கை குறையும் என்ற அச்சம் இந்து அமைப்புகளிடையே எழுந்தது. தீண்டாதவராக விலக்கப்பட்டவர்களை எண்ணிக்கைக்காக அணைத்துக்கொள்ளும் அரசியல் வலுப்பெற்றது.

ஜோயல் லீ 2021-இல் வெளியிட்ட நூல் இதன் வடஇந்திய வரலாற்றை எழுதுகிறது. லக்னோவின் தூய்மைப் பணியாளர் சமூகத்திற்கு லால் பேக் என்னும் தீர்க்கதரிசியை மையமாகக் கொண்ட தனிச் சமய மரபு இருந்தது. ஆரிய சமாஜத்தின் செயல்பாடுகள், பின்னர் ஹரிஜன அரசியல், அதன்பின் 1950 ஆணை ஆகியவை அம்மக்களை இந்துக்களாகப் பதிவு செய்துகொள்ளும் நிலைக்கு எப்படிக் கொண்டுவந்தன என்பதை அவர் விளக்குகிறார். வெளியில் ஓர் அடையாளம், வீட்டிற்குள் வேறொரு நினைவு என்னும் வாழ்வு அங்கு நீடிக்கிறது.

தமிழ் நிலத்தில் இதனை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, 1907 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நம் முன்னோர் இந்துக்கள் அல்லர், பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். ஜி. அலாய்சியஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அந்த இயக்கத்தை ஒடுக்கப்பட்டோரின் விடுதலை அடையாளமாக வாசித்தது. பல்கலைக்கழகங்கள் இன்று ‘மதம் என்னும் வகைமை கட்டமைக்கப்பட்டது’ என்று கூறுவதை, பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தம் இதழில் மக்களிடம் விவாதித்துக்கொண்டிருந்தார்.

நம்மிடையே எழும் கேள்விகள்

மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும்போது நம் தோழர்களிடமிருந்தே சில ஐயங்கள் எழுகின்றன. அவற்றைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது.

முதலாவது, இருக்கும் பங்கே போதாதபோது அதைப் பலரோடு பகிர்வதா என்பது. இக்கவலை நியாயமானது. ஆகவே கோரிக்கை இரண்டாகவே இருக்க வேண்டும்: மதத் தடை நீங்க வேண்டும், மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீடும் உயர வேண்டும். 50 விழுக்காடு உச்சவரம்பு என்பார்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது அந்த வரம்பு தடையாக நிற்கவில்லை.

இரண்டாவது, சாதியின் வேர் இந்து சாத்திரங்களில் இருப்பதாக அம்பேத்கரே கூறவில்லையா என்பது. கூறினார். 1936-இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலின் மைய வாதமே அதுதான். ஆனால் இந்திய முஸ்லிம்களிடையே நிலவும் சாதியையும், மதம் மாறிய தீண்டப்படாதோரிடையே சாதியை ஒழிக்கத் தவறிய திருச்சபைகளையும் அவர் பிற எழுத்துகளில் கடுமையாக விமர்சித்தார். நோய் தோன்றிய இடம் எது என்பதும், நோய் பரவிய உடல்கள் எவை என்பதும் வெவ்வேறு கேள்விகள். மருந்து வேண்டுவது உடல்களுக்கு.

மூன்றாவது, திருச்சபைகளின் குற்றம் இதனால் மறைந்துவிடாதா என்பது. மறைய நாம் விடக்கூடாது. திருச்சியின் கல்லறையில் சாதிச்சுவர் எழுப்பியவர்களும், எறையூரில் 2008-இல் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கரை எதிர்த்தவர்களும் கிறித்தவர்களே. 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதைத் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புதலோடு நின்றுவிடாமல், குருத்துவத்திலும் பள்ளி, கல்லூரி நிர்வாகங்களிலும் தலித்துகளின் பங்கை உறுதிசெய்யுமாறு திருச்சபைகளைக் கேட்பது நம் போராட்டத்தின் மறுபாதி.

எண்ணப்படுவது எப்படி?

பியூ ஆய்வு மையம் 2019–20-இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், கிறித்தவர்களில் 33 விழுக்காட்டினர் தம்மைப் பட்டியல் சாதியினர் என்றே கூறினர். பௌத்தர்களில் 89 விழுக்காட்டினர் அவ்வாறு கூறினர். ஏறக்குறைய எல்லா மதத்தினரும் தமக்கு ஒரு சாதி உண்டு என்றனர். சட்டம் ‘இல்லை’ என்று சொல்லும் மக்கள், கேட்டால் ‘இருக்கிறோம்’ என்கிறார்கள். ஆயினும் குடிமதிப்பின் பட்டியல் சாதிக் கணக்கில் இந்துக்களும் சீக்கியரும் பௌத்தரும் மட்டுமே இடம்பெறுகின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளிலிருந்து மாறிய கிறித்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். இவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகும் என மைய அரசு அறிவித்துள்ளது. அதில் ஒரு தலித் கிறித்தவரின் சாதி எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்படும்? ஒரு தலித் முஸ்லிம் எந்த எண்ணிக்கையில் சேர்வார்? படிவத்தில் ஒரு கட்டம் எங்கே வைக்கப்படுகிறது என்பது அடுத்த பத்தாண்டுகளின் நீதியைத் தீர்மானிக்கக் கூடியது என்பதை கெய்ட் சுற்றறிக்கையின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. கிராமங்களில் இப்போதிருந்தே இதுபற்றிப் பேச வேண்டியது செயற்பாட்டாளர்களின் கடமை.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாம் மேலே குறிப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில், ஆங்கிலத்தில், நம் மாணவர்களால் எளிதில் வாங்க இயலாத விலையில் வெளிவந்தவை. அவற்றில் நம் சேரிகள் களமாக இருக்கின்றன. நம் தாய்மார்கள் தகவல் தருவோராக இருக்கின்றனர். அந்த நூல்களின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கல்லறைச் சுவரின் நீளத்தை அளக்கவும், திருவிழா மரியாதை யாருக்குப் போகிறது எனக் குறித்துக்கொள்ளவும், ஒரே தெருவில் வாழும் இந்துத் தலித், கிறித்தவத் தலித் குடும்பங்களின் கூலியையும் கடனையும் நிலத்தையும் ஒப்பிடவும் அயல்நாட்டு நிதி தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஒரு கோடை விடுமுறையும், மக்களின் இசைவும் போதும்.

சூசை வழக்கில் நீதிமன்றம் கேட்டது சான்றை. அந்தச் சான்று நம் தெருக்களில் இருக்கிறது. அதனை எழுதி வைப்போம். அடுத்த முறை எவரேனும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டும்போது, அதன் பக்கத்தில் இந்தக் குறிப்பேட்டையும் வைப்போம்.